கார்னர் கண்ட மூன்று இழைகள்

1942, பிப்ரவரி 15. சிங்கப்பூர் விழுந்தது. ஆளுநர் ஷென்டன் தாமஸ் பென்சிலில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுடன் ஜப்பானிய அதிகாரிகளைத் தேடிப் போனார் ஈ.ஜே.எச். கார்னர். அருங்காட்சியகத்தையும் நூலகங்களையும் காப்பாற்றக் கோரும் சீட்டு. இந்த வாரம் அதைத்தான் எழுதுவதாக இருந்தேன். ஆனால், அதைக் கொண்டுபோனவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரியாமல் அந்த இடத்துக்குள் நுழைய எனக்கு மனம் வரவில்லை.

பத்தாண்டுகள் பின்னால் போவோம். கார்னர் அப்போது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் உதவி இயக்குநர். 1929இல் வந்து சேர்ந்த இளைஞர். காட்டில் செத்த கிளைகளில் முளைக்கும் ஒரு காளான் அவரை இழுத்தது. புனல் வடிவம், மெல்லிய உடம்பு, பழுப்பில் வளையம் வளையமாகக் கோடுகள், காம்படியில் மஞ்சள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. இவ்வளவு மெல்லிய காளானுக்கு இத்தனை உறுதி எங்கிருந்து வந்தது?

ஊசிமுனையால் அதன் சதையைப் பொறுமையாகப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தார். மூன்று வகை இழைகள் தெரிந்தன. மெல்லிய சுவருள்ள முதல் வகைதான் வித்துகளைத் தருவது; மற்ற இரண்டும் அதிலிருந்தே பிறக்கின்றன. இரண்டாவது, தடித்த சுவரோடு கிளையில்லாமல் நீண்டு ஓடும். மூன்றாவது, நெளிந்து கிளைத்து மற்றவற்றைப் பிணைக்கும். கோரையை நூல் கட்டிப்பிடித்துப் பாயாக்குவதைப் போல. 1932இல் இதை வெளியிட்டார். கட்டைக் காளான்களை வகைப்படுத்துபவர்கள் இன்றும் எத்தனை வகை இழை என்று பார்க்கிறார்கள். அவருக்குப் பெரும்புகழ் தந்தது, மரங்களின் பரிணாமம் பற்றி 1949இல் வந்த டுரியான் கோட்பாடு. என் கணக்கில் இந்த இழைகள்தான் உசத்தி.

இந்த மனிதரைத்தான் போருக்குப் பின் சிலர் துரோகி என்றார்கள். ஜப்பானியர் ஆட்சியிலும் பூங்காவில் வேலை செய்தாராம்! சிறையில் வாடியவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் அந்தப் பட்டம் அநியாயம். தலைமுறைகள் சேர்த்த மாதிரிகளையும் புத்தகங்களையும் கைவிட்டுப் போயிருந்தால் அவற்றைத் திரும்ப யார் சேர்ப்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரமேறி இலையும் பூவும் பறித்துப் போட பெரோக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார் கார்னர். அதில் ஒன்று கையைக் கடித்துக் குதறியதால்தான் அவரால் தொண்டர் படையில் பணியாற்ற முடியவில்லை. படையில் இருந்திருந்தால் மற்ற வீரர்களோடு கைதியாகியிருப்பார். சீட்டு அவர் கைக்கு வந்திருக்காது.

சீட்டு போய்ச் சேர்ந்த கதை அடுத்த இதழில்.