பாடம் கேட்டலும் படிக்கப் பணித்தலும்

கல்வி பற்றி எழுதும் மாணவர் தம்மை எழுவாயாக வைக்கிறாரா, செயப்படுபொருளாக வைக்கிறாரா என்பதிலேயே அவருடைய மனநிலை பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

உ. வே. சாமிநாதையர் 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1940 முதல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘என் சரித்திரம்’ நூலில் அந்த நாட்களைப் பற்றிப் ‘பாடம் கேட்டேன்’ என்றே எழுதுகிறார். ஆசிரியர் பாடம் சொல்வார், மாணவர் கேட்பார். கேட்பது சும்மா இருப்பதன்று. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல், பாடம் கேட்பதைச் செவியால் பருகுவதாகவே காட்டுகிறது. கேட்டதை ஒழுகவிடுபவனுக்கு அது தரும் உவமை ஓட்டைக் குடம். ஆகவே அய்யரின் ‘நான்’ பணிவும் ஆவலும் சேர்ந்த எழுவாய்.

பாரதியார் நேர் எதிர். 1908இல் புதுச்சேரிக்கு வந்த அவர், 1910இல் வெளியான ‘கனவு’ என்னும் சுயசரிதையில் திருநெல்வேலி ஆங்கிலப் படிப்பைச் சொல்லுமிடத்தில் எழுவாய் தந்தை, வினை பணித்தல். பாரதி இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாக நிற்கிறார். அந்தக் கல்வியைக் கடிந்து அவர் சொல்பவற்றுக்கு முன்பே உருபு பேசிவிடுகிறது.

இவ்விரண்டிலும் சேராதது ‘எனக்குப் புரியவில்லை’. நான்காம் வேற்றுமையில் மாணவர் வெறுமனே காத்திருக்கிறார். புரிதல்தான் வந்து சேர வேண்டும். வராவிட்டால் குற்றம் யாருடையது என்று வாக்கியம் சொல்லாது. தேர்வில் தவறியவர்க்கு வசதியான அமைப்பு இது!

கோரிமேடு பேருந்து நிறுத்தத்தில் இன்று காதில் விழுவது ‘கிளாஸ் அட்டெண்ட் பண்ணேன்’. எழுவாய் மீண்டும் ‘நான்’தான். கேட்டல் போய், வருகை மட்டும் வினையாக மிஞ்சியிருக்கிறது.