பதிவேட்டில் பெயர் இல்லாத மீன்



மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு எது? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1934 என்பீர்கள். அப்படி மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். ஆனால், அந்த ஆற்றில் வாழ்ந்த மீன்களைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இப்போது சொல்கிறேன்.

காவிரியிலும் அதில் கலக்கும் ஆறுகளிலும் மட்டுமே வாழும் பெரிய மீன் ஒன்று உண்டு. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பெயர் கூன் முதுகு மஹ்சீர். துடுப்புகள் செம்மஞ்சள் நிறம். இதைத் தூண்டிலில் பிடிப்பதை ஆங்கிலேயர்கள் பெரும் பெருமையாக நினைத்தார்கள். 1946-ல் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒரு மீனின் எடை 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ!

பிறகு அணைகள் வழியை மறித்தன. வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் பெருகினார்கள். மஹ்சீரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு, மகாராஷ்டிரத்தில் பொரித்த குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அவை நீலத் துடுப்பு கொண்ட வேறு இனம். வந்தவை பெருகின, காவிரியின் சொந்த மீன் அருகிப்போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்குச் சரியான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு 'டோர் ரமாதேவி' என்று பெயரிட்டிருந்தார்கள். கூன் முதுகு மஹ்சீரும் அதே இனம்தான் என்று 2018-ல்தான் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. இன்று அதற்கு முக்கியப் புகலிடம், பவானிசாகருக்கு வந்து சேரும் நம் மோயாறு.

எனக்கு வருகைப் பதிவேடுதான் நினைவுக்கு வருகிறது. அதில் பெயர் இல்லாத பிள்ளை வகுப்புக்கு வராவிட்டால் எந்த ஆசிரியருக்குத் தெரியும்? பக்கத்து வகுப்புப் பிள்ளை அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், தலையை எண்ணிவிட்டுப் போய்விடுவோம். காவிரியில் நடந்தது அதுதான்.

உங்கள் ஊர் ஆற்றில் யாராவது மீன் குஞ்சு விட வந்தால், கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது எந்த ஆற்று மீன்?"

வகுப்பில் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.