நீர், கிருமி, நஞ்சு: காலராவின் காரணம் தேடிய வரலாறு

ஆத்திரம் முற்றினால் ‘பேதியில போக’ என்று வைவது தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. காலையில் நடமாடியவர் மாலைக்குள் பிணமான அனுபவம் உறைந்திருக்கும் வசவு அது. 1817-இல் வங்காளத்தின் ஜெசூர் பகுதியில் வெடித்த வாந்திபேதி, படைகளோடும் கப்பல்களோடும் நாடு கடந்து பரவியபின், ‘இந்நோய் எதனால் வருகிறது?’ என்ற கேள்வி மருத்துவ உலகை விடாமல் துரத்தியது. காலப்போக்கில் அந்தக் கேள்வியின் பொருளே மாறிக்கொண்டு வந்தது. எவ்வழியே வருகிறது என்று முதலில் கேட்டார்கள். எந்த உயிர் அதற்குக் காரணம் என்று அடுத்துக் கேட்டார்கள். அந்த உயிர் எப்படிக் கொல்கிறது என்ற கேள்வி கடைசியில்தான் சரியான இடத்தில் எழுப்பப்பட்டது. நோயாளியின் உயிருக்கு மிக நெருக்கமாக நின்ற கேள்வி அதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அழுகலிலிருந்து எழும் கெட்ட காற்றே காலராவுக்குக் காரணம் என்பது படித்தவர்களின் பெரும்பான்மைக் கருத்து. லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1849-இல் இதை மறுத்தார். நோய் குடலைத் தாக்குகிறது, ஆகவே வாய்வழியே, குடிநீரோடு உள்ளே போகிறது என்பது அவர் வாதம். 1854-இல் பிராட் தெருவின் அடிகுழாய்க் கைப்பிடியைக் கழற்றவைத்த நிகழ்ச்சியைத்தான் பலரும் சொல்வார்கள். அதைவிட வலுவான சான்று தென் லண்டனில் கிடைத்தது. அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குடிநீர் வழங்கிவந்தன. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரத்துக்கு மேலே, சாக்கடை கலவாத தேம்ஸ் பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க் வாக்ஸால் நிறுவனம் மாற்றவில்லை. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில், 10,000 வீடுகளுக்கு லாம்பெத் நீர் குடித்தவர்களில் 37 சாவு, மற்றதைக் குடித்தவர்களில் 315. அண்டை வீட்டார் மூச்சு விட்ட காற்று ஒன்றுதான். குடித்த தண்ணீர்தான் வேறு. இவ்வளவு தெளிவான கணக்கும் 1858-இல் அவர் இறக்கும்வரை மருத்துவ உலகின் முழு ஏற்பைப் பெறவில்லை.

அதே 1854-இல் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பசீனி, இறந்தவர்களின் குடலில் வளைந்த நுண்ணுயிர்களை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார், கவனிப்பார் இல்லை. முப்பதாண்டு கழித்து, 1884-இல், ராபர்ட் காக் கல்கத்தாவில் அக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டினார். குளத்து நீரிலும் அதைக் கண்டார். ஆனால் எந்த விலங்குக்கும் அவரால் அந்நோயை உண்டாக்க முடியவில்லை. 1892-இல் மியூனிக்கின் பெட்டன்கோபர், கிருமி மட்டும் போதாது என்று காட்ட, அதன் வளர்ப்புநீரைத் தாமே குடித்தார். லேசான பேதியோடு தப்பினார்.

கிருமி ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என்று காக் ஊகித்திருந்தார். அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுகிறது என்று எண்ணியதால், பின்வந்தவர்கள் விலங்குகளின் இரத்தக் குழாயிலும் வயிற்றறையிலும் கிருமியை ஊசிமூலம் செலுத்தித் தேடினார்கள். பல பத்தாண்டுகள் இப்படிக் கழிந்தன. குடல்நோய்க்கான காரணத்தைக் குடலுக்கு வெளியே தேடியதே தவறு என்பதைக் கல்கத்தாவின் நோய்க்கூறியல் அறிஞர் சம்புநாத் டே உணர்ந்தார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அந்தப் பைக்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அது நீர் கோத்து, பலூனைப்போல் உப்பி நின்றது. 1953-இல் வெளியான இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டியிருக்கவில்லை. அடுத்து, கிருமிகளை முற்றாக வடிகட்டி நீக்கிய வளர்ப்புநீரை மட்டும் செலுத்தியபோதும் குடல் அவ்வாறே உப்பியது. 1959-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சிறு கட்டுரை அதை அறிவித்தது: கொல்வது கிருமி வெளிவிடும் நஞ்சு, அது வேலை செய்யும் இடம் குடலின் உட்சுவர்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவரை, 1985-இல் அவர் மறையும்வரை இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் அறிவுலகத்தின் தீராத குறை இது என்றே சொல்லவேண்டும்.

நஞ்சு குடலை அரித்து அழிப்பதில்லை. அதன் உயிரணுக்களை உப்பையும் நீரையும் ஓயாமல் வெளியே கொட்டவைக்கிறது. அதே குடல், சர்க்கரை கிடைத்தால் அதனோடு உப்பையும், உப்போடு நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் திறனை இழப்பதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையூரான போங்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோயின. மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் சர்க்கரையும் உப்பும் சோடா உப்பும் கரைத்த நீரை, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டளவில் இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

1992-இன் இறுதியில் சென்னையில், அதுவரை காணாத ஒரு காலரா வகை தென்பட்டது. ஓ139 என்று பெயரிடப்பட்ட அதற்கு, பழைய வகையால் வந்த நோயெதிர்ப்பு அணைபோடவில்லை. முன்பே காலரா கண்டு தேறிய பகுதிகளின் பெரியவர்களும் படுத்தார்கள். கிருமியின் மேலுறை மாறியிருந்தது, நஞ்சு மாறியிருக்கவில்லை. பழைய உப்புச் சர்க்கரைக் கரைசலே அவர்களையும் பிழைக்கவைத்தது.