ராஜாவின் கூச்சம்

உடன்குடி, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சின்ன வயதிலேயே சுன்னத் முடிந்துவிடும். அந்த வழக்கம் இல்லாத வீட்டில் பிறந்தவருக்கு, முப்பது வயதில் முன்தோல் பின்னால் நகராமல் இறுகிக் கிடந்தால்? யாரிடம் போய்ச் சொல்வது!

பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயிக்கு இதே சங்கடம் என்று ஐரோப்பாவே கிசுகிசுத்தது. 1770-ல் மேரி அன்டாய்னெட்டோடு கல்யாணம். ஏழு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1776-ல் ஒரு சர்ஜன் பார்த்துவிட்டு, 'கத்தி வேண்டாம்' என்றார். மறு வருடம் மேரியின் அண்ணன் இரண்டாம் ஜோசப் வியன்னாவிலிருந்து வந்தார், மனம்விட்டுப் பேசினார். கோளாறு உடம்பில் இல்லை, இருவருக்கும் விவரம் போதவில்லை என்பது அவர் கணிப்பு. 1778 டிசம்பரில் மகள் பிறந்தாள்! ஆபரேஷன் நடந்ததாக இன்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆதாரம்தான் இல்லை.

சரி, உங்களுக்கு நிஜமாகவே இறுக்கம் இருந்தால்? முதலில் ஸ்டீராய்டு களிம்பு. பலருக்குச் சில வாரங்களில் தோல் இளகிவிடும். திடீரென்று வந்த இறுக்கம் என்றால் ரத்தத்தில் சர்க்கரையும் பார்க்கச் சொல்வார்கள் (உடன்குடிக் கருப்பட்டி மேல் பழி போடாதீர்கள்). அதற்கும் மசியாவிட்டால்தான் கத்தி. பாதித் தோலை மட்டும் எடுக்கலாம். ஆனால் மிச்சம் தழும்பாகி மறுபடி இறுகக்கூடும். அதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.