ஹப்ரே வழக்கும் சர்வதேசக் குற்றமும்

ஓர் அரசின் எல்லைக்குள் இழைக்கப்படும் குற்றத்தை அவ்வரசே விசாரித்துத் தண்டித்தல் நெடுங்காலச் சட்ட மரபாகும். ஆயின், அவ்வரசின் தலைவரே குற்றவாளியாயின் வழக்கை எம்மன்று ஏற்கும்? ஆபிரிக்க நாடான சாட்டின் முன்னாள் சனாதிபதி ஹிசேன் ஹப்ரேயின் வழக்கு, இவ்வினாவுக்குக் கால் நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த விடையாகும்.

ஹப்ரே 1982 முதல் 1990 வரை சாட்டை ஆண்டார். அவரது இரகசியப் பொலிசு தலைநகரின் நீச்சற் குளமொன்றையே நிலத்தடிச் சிறையாக மாற்றிற்று. அவ்வாட்சியில் ஏறத்தாழ 40,000 பேர் மாண்டனர் என அந்நாட்டு விசாரணை ஆணைக்குழு 1992இல் மதிப்பிட்டது. 1990 டிசெம்பரில் ஆட்சி கவிழவே, ஹப்ரே செனகலிற் புகலடைந்தார்.

2000ஆம் ஆண்டில் உயிர் தப்பியோர் செனகலின் தலைநகரான டக்காரில் முறையிட்டனர். ஹப்ரே மீது குற்றஞ் சாட்டப்பட்டது. ஆனால் வெளிநாட்டில் வெளிநாட்டவர் இழைத்த சித்திரவதையை விசாரிக்கச் செனகல் மன்றுகளுக்கு நியாயாதிக்கம் இல்லையென 2001இல் அந்நாட்டின் அதியுயர் மேன்முறையீட்டு மன்று தீர்த்தது. சித்திரவதைக்கெதிரான 1984ஆம் ஆண்டுச் சமவாயத்தைச் செனகல் 1986இலேயே ஏற்றிருந்தது. எனினும் அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டம் திருத்தப்படவில்லை. கைச்சாத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலான இவ்விடைவெளியே ஹப்ரேக்கு அரணாயிற்று.

பாதிக்கப்பட்டோர் பெல்ஜிய மன்றுகளையும் நாடினர். 2005இல் அங்கு பிடியாணை பிறந்தது. செனகலோ அவரைக் கையளிக்கவில்லை. 2007இல் செனகல் தன் சட்டத்தைத் திருத்தியும் விசாரணை தொடங்கவில்லை. எனவே 2009இல் பெல்ஜியம் சர்வதேச நீதிமன்றத்தை அணுகிற்று. ஹப்ரேயைக் கையளிக்காவிடின் மேலும் தாமதியாது வழக்கைத் தன் அதிகாரிகளிடம் ஒப்படைக்கச் செனகல் கடமைப்பட்டுள்ளது என 2012 யூலை 20ஆந் திகதி அம்மன்றம் தீர்ப்பளித்தது.

இதன்பின் செனகலும் ஆபிரிக்க ஒன்றியமும் உடன்படிக்கை செய்து, செனகலின் நீதித்துறைக்குள்ளேயே விசேட ஆபிரிக்க மன்றுகளை 2013இல் அமைத்தன. மானிடத்துக்கெதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், சித்திரவதை ஆகியவற்றுக்காக 2016 மே 30ஆந் திகதி ஹப்ரேக்கு ஆயுட் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017இல் மேன்முறையீட்டிலும் அத்தண்டனை உறுதியாயிற்று.

உள்நாட்டுச் சட்டம் தனித்து நின்றவிடத்து வழி அடைபட்டது. சர்வதேசச் சட்டமோ தண்டனையை நிறைவேற்றத் தனக்கெனச் சிறையற்றது. இரண்டும் இணைந்தபோதே நீதி நடைபெற்றது. அவற்றை இணைத்தவர்கள் விடாது முறையிட்ட பாதிக்கப்பட்ட மக்களே. ஆயினும், 2021இல் ஹப்ரே இறந்தபோது, மன்று விதித்த நட்டஈடு அம்மக்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. தீர்ப்புடன் நீதி முற்றுப்பெறுவதில்லை என்பதையும் இவ்வழக்கின் வரலாறு பதிந்து வைத்துள்ளது.