இரண்டு மணி நேர வில்லு: நாஞ்சில் நாட்டில் பழமை ஏக்கமும் பண்பாட்டுத் தேக்கமும்

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் கோயில் கொடைவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது நேரப் பங்கீடு. குடியழைப்பு, உச்சிக்கொடை, படப்பு என்ற வரிசைக்கு இடையிடையே சிங்காரி மேளம், செண்டை மேளம், இன்னிசைக் கச்சேரி. இவற்றுக்குள் ஒடுங்கியபடி இரண்டு மணி நேரம் 'வில்லிசை'. விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்ட ஊர்கள் பலவற்றில் இன்றைய நிலை இதுதான். ஊரே கெட்டுப்போச்சு, பிள்ளைகளுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது என்று முதியவர்கள் வருந்துகிறார்கள். அந்தக் காலம் யாருக்கு நல்ல காலம் என்று பேரப்பிள்ளைகள் திருப்பிக் கேட்கிறார்கள். இரு தலைமுறையும் ஒன்றையொன்று குற்றம் சாட்டும் இந்த வழக்கில் உண்மையான பிரதிவாதி இன்னும் கூண்டில் ஏறவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இளைஞர்களின் கேள்வி நியாயமானது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை பேசும் இந்த மண்ணில்தான், நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை போராட நேர்ந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடப்பதற்காக 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தது. கோயிலுக்குள் நுழைய 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய நாஞ்சில் நாட்டைப் பற்றிய எந்த ஏக்கமும் இந்த ஆண்டுகளைத் தாண்டிப் பின்னே போக முடியாது. போனால் அது வேறொருவரின் முதுகில் ஏறித்தான் போகும்.

பண்பாட்டு விமர்சகர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் எழுதிய நூலில் ஆங்கிலக் கிராமத்தின் பொற்காலத்தைத் தேடிப் பின்னோக்கிச் செல்கிறார். ஒவ்வொரு எழுத்தாளரும் அது தம் இளமைக் காலத்தோடு முடிந்தது என்கிறார்; அந்த இளமைக் காலத்தில் எழுதியவரோ அது தமக்கு முந்திய தலைமுறையோடு போயிற்று என்கிறார். நம்மிடமும் இதே தொடர் உண்டு. ஆனால் நாம் இன்று ஏங்கித் திரும்பிப் பார்க்கும் மனிதர்கள் அப்படித் திரும்பிப் பார்த்தவர்கள் அல்லர். தேரூரில் 1876இல் பிறந்த கவிஞர் கவிமணி, தம் சமூகத்தின் மருமக்கள் வழியைப் பேணிக் காக்கப் பாடவில்லை. குடும்பத் தலைவரான காரணவர் இறந்தால் சொத்து மருமகனுக்குப் போய், மனைவியும் மக்களும் நடுத்தெருவில் நிற்கும் கொடுமையை, அப்படி நிற்கும் ஒரு பெண்ணின் வாயாலேயே 'மருமக்கள்வழி மான்மிய'த்தில் எள்ளி நகையாடினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் அந்த முறையை மாற்றியது. இன்று பழைய தறவாட்டின் மரத்தூணையும் முற்றத்தையும் படம் பிடித்துப் பகிர்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

வில்லுப்பாட்டையும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்கிறோம். தென்குமரி வில்லுப்பாட்டைக் களத்தில் ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், கதைகளை இரண்டாகப் பிரித்தார். கைலாயத்தில் பிறந்து வந்த தெய்வங்களின் கதை ஒரு வகை; இந்த மண்ணில் வாழ்ந்து அநியாயமாக வெட்டுப்பட்டு மாண்டவர்கள் தெய்வமான கதை இன்னொரு வகை. நம் வாதத்துக்கு முக்கியம் இரண்டாம் வகை. 17ஆம் நூற்றாண்டில் கணியாகுளத்தில் நாயக்கர் படையோடு பொருதி விழுந்த இரவிக்குட்டிப் பிள்ளை கதையானார். சாதி கடந்து மணந்து மாண்ட முத்துப்பட்டன் கதையானான். அதாவது, கண்ணெதிரே நடந்த சாவை ஊர் செரித்துக்கொண்ட வழியே வில்லு. குடத்தின் மேல் கிடத்திய வில்லை வீசுகோலால் அடித்துக்கொண்டு, குழுவின் தலைவரான அண்ணாவி கதையை நீட்டுவார், சுருக்குவார். சாமி வரவேண்டிய நேரம் நெருங்கும்போது பாட்டு இறுகும், உடுக்கு முறுகும். அந்த இடத்துக்கு வந்துசேரப் பல மணி நேரம் வேண்டும். மரபு என்று நாம் போற்றுவது, உண்மையில் புதிய கதையை உண்டாக்கும் ஓர் ஆற்றல். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் ஏற்றியபோது மரபை மீறவில்லை. மரபு சொன்னதையே செய்தார். அவரால் சென்னைக்கு அழைத்து வரப்பட்ட சுப்பு ஆறுமுகம் அதை மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார்.

எனவே தேக்கம் இளைஞர்களின் அலட்சியத்தால் வந்ததல்ல. அவர்களும் ஏக்கத்துக்குள்தான் வளர்க்கப்படுகிறார்கள். 2004இல் வந்த 'கில்லி' படம் 2024இல் மறுபடி திரைக்கு வந்து அரங்குகளை நிறைத்தது. அதே ஆண்டு 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம், 1991இன் 'குணா' படப் பாட்டு ஒன்றின் துணையோடு தமிழ்நாடெங்கும் ஓடியது. புதுமை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பழைய சரக்கு. தாத்தாவின் ஏக்கத்தைக் குறை சொல்லும் பேரனுக்குச் சந்தை வேறோர் ஏக்கத்தைக் காசுக்குக் கொடுக்கிறது. விமர்சகர் மார்க் ஃபிஷர் 2014இல் பிரிட்டிஷ் இசை குறித்து எழுதியது இங்கே உதவும். புதிய கலை பிறக்க மலிவான வீடும் அவசரமில்லாத நாட்களும் வேண்டும். சந்தை அவற்றைப் பறித்த பிறகு பழையதைத் திருப்பி இசைப்பதே மிச்சம் என்பது அவர் கருத்து. கலைஞனின் திறமை குன்றியதாக அவர் சொல்லவில்லை.

நாஞ்சில் நாட்டில் அந்த அவசரமின்மைக்கு ஒரு பெயர் இருந்தது: அறுப்பு முடிந்த காலம். கும்பப்பூ நெல் அறுத்துக் களம் ஒழிந்தபின் பங்குனி, சித்திரையில் வரும் கொடைக்கு இரவு முழுதும் கண்விழிக்க ஊருக்கு முடிந்தது. அந்த ஓய்விலும் நீதி இருக்கவில்லை. நிலமில்லாதவனுக்கு அது பட்டினி மாதமாகவும் இருந்தது. ஆனாலும் காலம் இருந்தது. இன்று வயல் தென்னந்தோப்பாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டது. வளைகுடாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் லீவில் வருபவர்கள் கூடும் நாளைப் பார்த்துக் கொடை நிச்சயிக்கப்படும் ஊர்கள் உண்டு. ஊர் வரிப்பணத்தைவிட நன்கொடையாளரின் பணம் கனக்கும் இடத்தில், அவர் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கவும் கூட்டம் கலையாமலிருக்கவும் வேண்டும். அதற்கு மேளம் போதும். கதை வளரக் காத்திருக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கூண்டில் ஏறவேண்டிய பிரதிவாதி இந்த நேரப் பறிப்புதான்.

முதியவர்கள் கேட்க வேண்டியது பழைய கதையை அல்ல, கதை வளர்ந்த அந்த முழு இரவை. இளைஞர்கள் நிராகரிக்க வேண்டியது சாதியின் நாஞ்சில் நாட்டை. வில்லின் நாஞ்சில் நாட்டை அல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை கரைகளிலிருந்து கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை, தேடல் தாமதமானது என்று அவர்கள் குடும்பங்கள் சாலையில் அமர்ந்து போராடின. அநியாயமாக மாண்டவர்களைப் பாடுவதே வில்லின் இலக்கணம் என்றால் அது இனிப் பாடவேண்டிய கதை இது. வில்லுப்பாட்டைத் தேவாலய மேடையிலும் பாடி வந்த மாவட்டம் இது. மதம் இதற்குத் தடையல்ல. அடுத்த கொடைக்கு வரி பிரிக்கும் கமிட்டியின் முன்னால் இரு தலைமுறையும் சேர்ந்து வைக்கக்கூடிய கோரிக்கை இதுதான்: இன்னிசைக் கச்சேரிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஓர் அண்ணாவியின் குழுவுக்கு ஆறு மாத வாழ்க்கைச் செலவைக் கொடுத்து, ஓகியின் கதையைக் கட்டச் சொல்லி, அதைப் பாட ஒரு முழு இரவை விட்டுக்கொடுப்பது.