ஓல்னியும் தேகலும்: இரண்டு நட்புகள்

ஜான் நியூட்டன் என்றதும் ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டு நினைவுக்கு வரும். டீட்ரிக் போன்ஹோஃபர் என்றால் ஹிட்லரை எதிர்த்துத் தூக்குக்குப் போன ஜெர்மன் ஆயர். இருவரைப் பற்றியும் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். நியூட்டனின் நண்பர் வில்லியம் கூப்பரும் போன்ஹோஃபரின் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேயும் அந்தப் பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை. இந்த இரண்டு நட்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது: விசுவாசத்தில் நிலைத்திருப்பதும் நண்பனோடு நிலைத்திருப்பதும் ஒன்றுதானா? எப்போதும் இல்லை என்பதே என் கட்சி.

முதலில் ஓல்னி. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள சிற்றூர். முன்பு அடிமைக் கப்பலின் தலைவராக இருந்த நியூட்டன் 1764 முதல் அங்கே குருவாக இருந்தார். கூப்பர் 1763-ல் மனநோய் முற்றித் தற்கொலைக்கு முயன்று, செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு மருத்துவரின் மனநல விடுதியில் தேறியவர். விசுவாசத்துக்கு வந்ததும் அங்கேதான். 1767-ல் நியூட்டனின் அழைப்பின்பேரில் ஓல்னிக்குக் குடிவந்தார். குருமனைத் தோட்டத்துக்கும் கூப்பரின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வயல் மட்டுமே. பார்க்காத நாள் அபூர்வம் என்ற அளவுக்கு நெருங்கிய இருவரும் சேர்ந்து ஒரு பாமாலை எழுதத் தொடங்கினார்கள்.

1773-ஆம் ஆண்டு ஜனவரி 1 வழிபாட்டுக்காக நியூட்டன் எழுதியதுதான் அந்தப் புகழ்பெற்ற கிருபைப் பாட்டு. அதே ஜனவரியில் கூப்பரின் மனம் மறுபடி உடைந்தது. அதை அடுத்து வந்த ஒரு கனவில், தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற தீர்ப்பைக் கேட்டதாக அவர் நம்பினார். அதன்பின் 27 ஆண்டுகள் உயிரோடு இருந்தும் ஆலயத்துக்குப் போகவில்லை. வீட்டில் மற்றவர்கள் உணவுக்கு நன்றி செலுத்தும்போது இவர் கத்தியையும் முள்கரண்டியையும் கையில் எடுத்துக்கொள்வாராம். அந்த ஜெபத்தில் தனக்குப் பங்கில்லை என்று காட்டுவதற்காக.

அந்த ஏப்ரலில் சந்தைத் திடல் ஓரமாக இருந்த தம் வீட்டில் கூப்பருக்குத் திருவிழா இரைச்சல் பொறுக்க முடியாமல் போனது. ஓரிரவு தங்கவென்று குருமனைக்கு வந்தவர் திரும்பிப் போக மறுத்துவிட்டார். 13 மாதங்கள் அங்கேயே இருந்தார். நடுவில் மறுபடி தற்கொலை முயற்சி. அவரைத் தனியே விட முடியாத நிலை. நியூட்டன் அவரை வெளியே அனுப்பவில்லை. பொறுமை இழந்து உள்ளுக்குள் முரண்டிய நேரங்களும் உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த ஒப்புதல் இல்லாதிருந்தால் இந்தக் கதையை நான் நம்பியிருக்க மாட்டேன்.

யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள், ஏழு இரவு பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு வாய் திறந்து எல்லாவற்றையும் கெடுத்தார்கள். நியூட்டனுக்கும் வாய் திறக்க இறையியல் தயாராக இருந்தது: தேவன் ஒருமுறை இரட்சித்தவரைக் கைவிடமாட்டார் என்பது அவருடைய கால்வினியக் கொள்கை. கூப்பரோ அந்தக் கொள்கையை மறுக்கவில்லை. உலகத்தில் அதற்கு ஒரே விதிவிலக்கு தான் மட்டுமே என்றார். இதற்கு எந்த வசனத்தைக் காட்டி வாதாடுவது? நண்பனால் நம்ப முடியாததை அவன் சார்பில் தான் நம்புவது என்பதே நியூட்டனுக்கு மிச்சமிருந்த வழி. கூப்பர் தள்ளப்பட்டவர் என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. 1779-ல் வெளிவந்த 348 பாடல்கள் கொண்ட ‘ஓல்னி பாமாலை’யில் கூப்பருடையவை 60-க்கும் மேல். அவற்றை அடையாளமிட்டு, இந்த நூல் தங்கள் நட்பின் நினைவாக இருக்கட்டும் என்று முன்னுரையிலும் எழுதினார். பாடல் எழுதியவரோ அப்போது பாடுவதையே நிறுத்தியிருந்தார்.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாமல் போவது அநியாயம். கூப்பருக்குத் துணையாக இருந்த விதவை மேரி அன்வின் 1796-ல் தாம் இறக்கும்வரை ஊர் வாயையும் பொருட்படுத்தாமல் அவரோடு இருந்தார். நியூட்டனின் 13 மாதங்கள் பேசப்படும் அளவுக்கு அந்த அம்மையாரின் 30 ஆண்டுகள் பேசப்படுவதில்லை.

பெர்லின் கதையில் ஆசானும் மாணவனும். 1935-ல், ஹிட்லர் ஆட்சியின் தலையீட்டை எதிர்த்த அறிக்கையிடும் திருச்சபையின் ஆயர் பயிற்சிப் பள்ளியில் போன்ஹோஃபரிடம் படிக்க வந்தவர் பெத்கே. ஃபிங்கன்வால்டேயில் இயங்கிய அந்தப் பள்ளியை 1937-ல் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ மூடியது. அங்கே ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்த ஆசான், தன் அறிக்கையைக் கேட்கத் தேர்ந்தெடுத்தது இந்த மாணவரைத்தான். 1943 ஏப்ரல் 5-ல் போன்ஹோஃபர் கைதானார். அடுத்த மாதம் பெத்கே அவருடைய அக்காள் மகள் ரெனாட்டேயை மணந்தபோது, திருமணப் பிரசங்கத்தை பெர்லினின் தேகல் சிறையிலிருந்து எழுதியனுப்பினார்.

அந்த நவம்பரில்தான் காவலர் ஒருவரின் உதவியோடு தணிக்கைக்குத் தப்பிய கடிதங்கள் பெத்கேக்குப் போகத் தொடங்கின. வழிபாடும் பாவ அறிக்கையும் திருவிருந்தும் இல்லாமல் மாதங்கள் போய்விட்டன, முன்போல நீ எனக்கு ஆயராக இருந்து கேள் என்பதே முதல் கடிதத்தின் வேண்டுகோள். சிறையின் தொடக்க நாட்களில் அவர் கிறுக்கிவைத்த குறிப்புகளில் ‘தற்கொலை’ என்ற சொல்லும் இருக்கிறது. கூப்பருக்கும் இவருக்கும் இடையே நாம் நினைக்கும் அளவு தூரம் இல்லை. ஆனால் கூப்பரின் இருள் விசுவாசத்தையே விழுங்கியது. போன்ஹோஃபருக்கு இருளுக்குள் விசுவாசம் வேறு மொழி தேடியது. கிறிஸ்து இன்று நமக்கு உண்மையில் யார், மதம் என்ற பழைய உடை இல்லாமல் அவரைப் பற்றிப் பேச முடியுமா என்று 1944 ஏப்ரல் 30-ல் எழுதினார். இது உனக்குக் கவலை தரலாம் என்றும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டார்.

பெத்கே அப்போது இத்தாலியில், கட்டாய ராணுவச் சேவையில் எழுத்தராக இருந்தார். வந்த கடிதங்களைப் படித்துப் பதில் எழுதி, பத்திரமாக வீட்டுக்கு அனுப்பினார். அவை வாயு முகமூடி டப்பாக்களில் அடைக்கப்பட்டு மாமனார் வீட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்டன. ஹிட்லரைக் கொல்லும் ஜூலை 20 சதி தோற்று, அக்டோபரில் தாமும் கைதாகப்போவது தெரிந்ததும் கையில் மிஞ்சிய கடைசிக் கடிதங்களை எரித்துவிட்டார். நியூட்டன் கதவைத் திறந்து வைத்திருந்தால் போதும். பெத்கே எதைப் புதைப்பது, எதை எரிப்பது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. பிசகினால் பல தலைகள் போகும். 1945 ஏப்ரல் 9-ல் போன்ஹோஃபர் ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வாரம் கழித்துப் பெத்கே சிறையிலிருந்து வெளியே வந்தார்.

துன்ப நாட்களை மட்டும் எடை போட்டால் நியூட்டனின் சோதனையே கடினமானது என்பேன். பெத்கேயின் நண்பர் சிறையிலிருந்தும் தந்துகொண்டே இருந்தார். நியூட்டனின் நண்பரிடமிருந்து திரும்பி வந்தது விரக்திதான். ஆனால் துன்பம் சற்றுத் தணிந்தபின் கதை மாறுகிறது. 1780 வாக்கில் நியூட்டன் லண்டன் ஆலயம் ஒன்றுக்குப் போனார். கூப்பர் கவிஞராகப் புகழ்பெறத் தொடங்கினார். 1785-ல் வெளிவந்த ‘தி டாஸ்க்’ நெடுங்கவிதை அச்சுக்குப் போகும்வரை நியூட்டனுக்கு அதைப் பற்றிச் சொல்லவில்லை. நியூட்டனுக்கு அது உறுத்தியது. கூப்பர் பக்கத்துக் கத்தோலிக்கப் பிரபு குடும்பத்தோடு பழகியபோது லண்டனிலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. உடைந்த மனிதனைத் தாங்கத் தெரிந்த ஆயருக்கு, எழுந்து உலாவும் மனிதனை விட்டுப்பிடிக்கத் தெரியவில்லை. நண்பனின் ஆத்துமாவைக் காக்க வேண்டும் என்ற அதே விசுவாசம்தான் இரண்டுக்கும் காரணம் என்பதால் இதை வெறும் குணக்கோளாறு என்று தள்ளிவிடவும் முடியவில்லை. நட்பு முறியவில்லை. 1800-ல் கூப்பர் இறந்தபோது அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் நியூட்டன்தான்.

பெத்கேக்கு அப்படி ஒரு சோதனை வாய்க்கவில்லை. நண்பர் 39 வயதில் போய்விட்டார். பெத்கே இன்னும் 55 ஆண்டுகள், 2000 வரை வாழ்ந்து அந்தக் கடிதங்களைத் தொகுத்தார். 1967-ல் பெரும் வரலாற்று நூலும் எழுதினார். உலகம் அறிந்த போன்ஹோஃபர் பெத்கேயின் கண் வழியே வந்தவர்தானே என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் 1951-ல் சிறைக் கடிதங்களை முதலில் நூலாக்கியபோது, அவை ஒரு ‘நண்பருக்கு’ எழுதப்பட்டவை என்று மட்டுமே காட்டித் தம் பெயரை அவர் மறைத்துக்கொண்டார். பின்னால் வந்த விரிவான பதிப்பில்தான் அவருடைய பதில் கடிதங்களும் இடம்பெற்றன. அவற்றில் அவர் கேள்வி கேட்கிறார், இன்னும் விளக்கச் சொல்கிறார். போன்ஹோஃபர் அடுத்தடுத்த கடிதங்களில் அந்தச் சிந்தனையை விரித்துக்கொண்டே போனதற்கு அந்தக் கேள்விகளுக்கும் பங்குண்டு.